அப்பத்தாவின் பல்லாங்குழிப் பாட்டிலில் 83 சோழி: எது எந்த இனம்?

புளியங்கொட்டை | சனி, இரவு 9:10

வணக்கம். அப்பத்தா எங்களோட வந்து தங்கிட்டதால தொண்டி வீட்டைக் காலி பண்ணினோம். பரண்ல பல்லாங்குழிக் கட்டையும், பக்கத்துல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சோழியும் இருந்துச்சு. குழிக்கு 6 வீதம் 14 குழிக்கு 84 இருக்கணும். மூணு தடவை எண்ணிட்டேன், 83தான்.

கழுவி, துணியில பரப்பிக் காயவச்சப்பதான் கவனிச்சேன், எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கண்ணுக்குப் பட்டபடி மூணு குவியலாப் பிரிச்சேன்.

முதல் குவியல் 60. மஞ்சள், வெளிர் மஞ்சள், சிலது பால்வெள்ளை. பெரும்பாலும் சப்பையா, மூலை மூலையா இருக்கும்.

ரெண்டாவது 9. பெரும்பாலானதுல முதுகு நீலம் கலந்த சாம்பல். எல்லாத்துலயும் முதுகைச் சுத்திக் கம்பி வச்ச மாதிரி ஒரு வளையம்.

மூணாவது 14. தேஞ்சுபோய் பளபளப்பே இல்லை. கத்தரிப்பூ நிறம்.

ஸ்கேல் வச்சு அளந்தேன். சின்னது 17 மி.மீ., பெருசு 26 மி.மீ. என் சந்தேகம் இதுதான்: எல்லாம் ஒரே நத்தையா? வயசாக ஆக நிறம் மாறுமா? இல்ல ஆண் பெண் வித்தியாசமா?

இன்னொரு விஷயம். பளிச்சுனு ஆகும்னு சொல்லி என் தம்பி ஒண்ணை வினிகர்ல ஊறப்போட்டுட்டான். நுரை வந்துச்சு. அது இப்ப மூணாவது குவியல்ல இருக்கு.

கருங்குருவி | சனி, இரவு 9:31

இதுல குழம்ப ஒண்ணுமே இல்லை. ரெண்டு இனம். மஞ்சள்னா மொனெட்டேரியா மொனெட்டா, பணச்சோழி. வளையம் இருந்தா மொனெட்டேரியா அன்னுலஸ், மோதிரச்சோழி. லத்தீன்ல அன்னுலஸ்னாலே மோதிரம், வளையம்னுதான் அர்த்தம். 1758-ல ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் ரெண்டுக்கும் தனித்தனியாப் பேர் வச்சுட்டார். அப்ப ரெண்டையும் சிப்ரேயாங்கிற பேரினத்துல போட்டிருந்தார், பிறகுதான் மொனெட்டேரியாவுக்கு மாத்தினாங்க.

ஆக உங்ககிட்ட 60 மொனெட்டா, 9 அன்னுலஸ். தேஞ்ச 14-ஐத் தூக்கி ஓரமா வச்சிருங்க. முடிஞ்சுது.

பாம்பன்காற்று | சனி, இரவு 10:02

குருவி அண்ணே, அவ்வளவு சுளுவா முடியாது. மஞ்சள் சோழியிலயே வளையம் உள்ளதை நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன். பொன் கம்பி மாதிரி அழுத்தமா இருக்காது. மங்கலா, ஆரஞ்சு நூல் ஓடுன மாதிரி இருக்கும். மூலையும் முண்டும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், கூடவே வளையமும் இருக்கும். அதை எந்தக் குவியல்ல போடுவீங்க?

தங்கச்சி கேட்டதுக்கு வர்றேன். சோழியில ஆண் பெண் தனித்தனிதான், ஆனா ஓட்டைப் பாத்து அதை நம்பிச் சொல்ல முடியாது. நிறமும் அதுக்காக மாறுறதில்லை.

சின்ன வயசுல கடல் வத்துற நேரத்துல பாருக்கு, அதான் பவளப்பாறைத் திட்டுக்குப் போனா, செத்த பவளக்கல்லைப் புரட்டினா அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். பகல்ல பதுங்கிக்கும், ராத்திரிதான் மேய வரும். உயிரோட இருக்கும்போது ஓடு கண்ணுக்கே தெரியாது. ரெண்டு பக்கமும் சதை ஏறி முதுகை மூடியிருக்கும். விரல் பட்டதும் அந்தச் சதை உள்ள போயிரும், உடனே கண்ணாடி மாதிரி பளபளன்னு ஓடு தெரியும். மத்த சங்கு, நத்தை மேல பாசியும் சுண்ணாம்பும் அப்பிக்கிட்டுக் கிடக்கும். இதுமேல ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.

இப்ப யாரும் அப்படிப் போய்ப் பொறுக்காதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-லேருந்து கடல்சார் தேசியப் பூங்கா.

அரட்டைக்கச்சேரி | சனி, இரவு 10:15

சோழர் காலத்துக் காசு, அதான் சோழின்னு பேர். இது தெரியாம லத்தீனுக்குப் போறீங்க.

நாணயப்பித்தன் | சனி, இரவு 10:22

அரட்டை, பேர் ஒலிக்குதுன்னு வரலாறு எழுத முடியாது. சோழர் காசுன்னா பொன், வெள்ளி, செம்புல கிடைக்குது, நானே நாலு செப்புக்காசு வச்சிருக்கேன். சோழிக்குத் தமிழ்ல கவடின்னும் பலகறைன்னும் பேர் உண்டு. அதுக்கு எந்த ராசாவைக் கொண்டு வருவீங்க?

சோழி காசா ஓடின கதை பெரிய கதை. நாளைக்கு எழுதுறேன். அதுல இந்த ரெண்டு இனத்தைப் பிரிச்சுப் பாக்குறது விளையாட்டு இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, காலை 6:40

கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்தவன். இந்த இரண்டு சோழிகளையும் மேசைமேல் வைத்து எத்தனை வகுப்பு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு வருடமும் முதல் வரிசைப் பையன் ஒருவன் கருங்குருவி சொன்னதையே சொல்வான். அவனிடம் மங்கல் வளையம் உள்ள மஞ்சள் சோழி ஒன்றைக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

முதலில் ஓடு எப்படி வளர்கிறது என்று தெரிய வேண்டும். குஞ்சுச் சோழியைப் பார்த்தால் சோழி என்றே சொல்ல மாட்டீர்கள். மெல்லிய ஓடு, அகலமான வாய், பல் கிடையாது, பின்முனையில் சுருள் தெரியும். பருவம் வந்ததும் வாயின் வெளி விளிம்பு உள்பக்கமாக மடங்கும், இரு ஓரங்களிலும் பல் முளைக்கும். வாய் இப்படி இடுக்கானபின் நீளத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அதன்பின் தடிமன்தான் கூடும். எனவே 17 மி.மீ. சோழி பிள்ளை, 26 மி.மீ. சோழி கிழவி என்று எண்ண வேண்டாம். பல் முளைத்துவிட்டதென்றால் இரண்டும் பெரியவைதான்.

பாம்பன் தம்பி சொன்ன சதைப் போர்வைக்கு மேன்டில் என்று பெயர். இரண்டு மடல்களாக ஏறி முதுகில் சந்திக்கும். நிறமும் பளபளப்பும் அது வெளியிலிருந்து அடுக்கடுக்காகப் பூசுவது. சுவருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளையடிப்பது போல. அதனால் தேயும்போது மேல்பூச்சு முதலில் போகும், வளையமும் மஞ்சளும் கூடவே போகும், அடியில் இருக்கும் கத்தரிப்பூ நிறம் வெளியே தெரியும். இரண்டு இனத்துக்கும் இதே கதிதான். உங்கள் மூன்றாவது குவியல் ஒரு தனி இனம் அல்ல, அது ஒரு நிலை.

இனி எதைப் பார்க்க வேண்டும்? என் வரிசையில் வளையம் மூன்றாவதுதான்.

முதலில் சுற்றுக்கோடு. சோழியை வாய் கீழே இருக்கும்படி காகிதத்தில் கவிழ்த்து, கூரான பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். ஒடுங்கிய முனை முன்பக்கம், அகன்ற முனை பின்பக்கம். சோழியை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் பாருங்கள். மொனெட்டாவுக்குப் பின்பக்கத்தில் இருபுறமும் தோள் தூக்கினாற்போல் மூலை விழும், அங்கேதான் அகலம் அதிகம். மொத்தத்தில் கோணல் அறுகோணம். அன்னுலஸ் சீரான முட்டை.

இரண்டாவது முண்டு. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்க ஓரங்களைக் கட்டைவிரலால் தடவுங்கள். மொனெட்டாவில் அந்தத் தோள் இருக்கும் இடத்தில் ஓடு தடித்துப் புடைத்திருக்கும். அன்னுலஸில் விரல் தடங்கலில்லாமல் வழுக்கிப் போகும்.

மூன்றாவது வளையமும் அதன் இருபுற நிறமும். வளையம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உள்ளே என்ன நிறம், வெளியே என்ன நிறம்? அன்னுலஸில் உள்ளே நீலச்சாம்பல், வெளியே மங்கிய சாம்பல் அல்லது மணல் நிறம். பொன்வளையம் இரண்டையும் வேலி போட்டுப் பிரிக்கும். முனைகளில் அந்த வேலி அறுந்திருப்பதும் உண்டு. மொனெட்டாவில் வளையம் இருந்தாலும் உள்ளும் புறமும் ஒரே மஞ்சள்தான். மங்கலாகச் சாம்பல் பட்டைகள் குறுக்கே ஓடலாம்.

பல்லை எண்ணிப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால், எண்ணிக்கொள்ளட்டும். மற்ற சோழி இனங்களில் பல் நல்ல அடையாளம். இந்த இரண்டுக்கும் இடையே அது எனக்கு என்றும் கைகொடுத்ததில்லை.

வினிகர் விஷயம்: ஓடு சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைக்கும். அந்த நுரையில் போனது உங்கள் அடையாளம். எலுமிச்சையும் வேண்டாம், புளியும் வேண்டாம். நல்ல தண்ணீர், பழைய பல்துலக்கி, போதும்.

கருங்குருவி | ஞாயிறு, காலை 8:05

சார், மரியாதையோட ஒரு கேள்வி. எல்லா மொனெட்டாவுக்கும் முண்டு இருக்கா? என்கிட்ட லட்சத்தீவுலேருந்து வந்த சின்ன மஞ்சள் சோழிகள் இருக்கு. முட்டை மாதிரிதான் இருக்கு, தடவினா மழமழன்னு இருக்கு. உங்க முதல் ரெண்டு விதிப்படி அதெல்லாம் அன்னுலஸா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, காலை 8:50

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இல்லை, எல்லாவற்றுக்கும் முண்டு இருக்காது. மொனெட்டா மகா அடங்காப்பிடாரி. அகலமாக, நீளமாக, முண்டோடு, முண்டில்லாமல், எத்தனையோ வடிவம். செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி பசிபிக்கைக் கடந்து கலாபகோஸ் வரை பரவிய இனம், ஒரே அச்சில் இருக்குமா? நியூ கலிடோனியாவில் முனைகள் மூக்குப்போல் நீண்டு, உடம்பு கறுத்துப்போன மொனெட்டா கிடைக்கிறது. சேகரிப்பவர்கள் அதற்காகவே அலைவார்கள்.

அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். முண்டும் மூலையும் இருந்தால் அது மொனெட்டா, இதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவை இல்லாததால் மட்டும் அன்னுலஸ் என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு வளையமோ அதன் மிச்சமோ, இருநிற முதுகோ சாட்சி சொல்ல வேண்டும். உங்கள் லட்சத்தீவுச் சோழி முட்டை வடிவில் இருந்தாலும் முதுகு முழுக்க மஞ்சள்தானே? அப்படியானால் மொனெட்டாதான்.

வளையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

மன்னார்க்காரி | ஞாயிறு, காலை 11:20

எங்கட பக்கம் இதைச் சோகி எண்டுதான் சொல்லுறது. அம்மம்மா வீட்டிலயும் ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கிடந்தது, இடம்பெயர்ந்தபோது விட்டிட்டு வந்தம். இந்த இழையை வாசிக்க அந்தப் பெட்டிதான் ஞாபகம் வருது.

நான் சொல்ல வந்தது தேய்ஞ்சதைப் பற்றி. தேய்மானத்திலயும் ரெண்டு வகை இருக்கு. கடல் தேய்ச்சதெண்டால் எல்லாப் பக்கமும் மங்கியிருக்கும், பல்லும் மழுங்கியிருக்கும், சிலதில முதுகில ஓட்டை விழுந்திருக்கும். கை தேய்ச்சதெண்டால் பல் அப்பிடியே கூராக் கிடக்கும், முதுகு மட்டும் தட்டையாப் போயிருக்கும். தாயத்துக்கு எறியிற சோகியை நல்லாப் புரள வேணுமெண்டு எங்கட மாமா கல்லில உரைச்சு எடுப்பார். உங்கட 14-ஐயும் முதுகு கீழ இருக்க மேசையில வச்சுப் பாருங்கோ. ஆடாமல் மல்லாக்கக் கிடந்தால் அது ஆரோ ஒரு மாமாவின்ட வேலை.

புளியங்கொட்டை | ஞாயிறு, மாலை 4:45

எல்லாருக்கும் நன்றி. மத்தியானம் பூரா இதே வேலை. 83 சோழிக்கும் பென்சில் கோடு போட்டு, கோட்டுக்குள்ள நம்பர் எழுதி வச்சிருக்கேன். தம்பி கணக்கு நோட்டுல எட்டுப் பக்கம் போச்சு.

வளையம் உள்ள 9-ல ரெண்டு மாட்டிக்கிச்சு! நம்பர் 64, 67. ரெண்டுலயும் மூலை விழுது, தடவினா முண்டு தட்டுப்படுது. வளையத்துக்கு உள்ள, வெளிய எல்லாம் மஞ்சள். மங்கலான ஆரஞ்சுக் கோடுதான். பாம்பன் அண்ணன் சொன்னது கண்ணு முன்னாடி இருக்கு. ஆக அன்னுலஸ் 7.

கண்ணை மூடித் தடவிப் பாக்குறதை அப்பத்தாகிட்டக் குடுத்துப் பாத்தேன். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. சோழியைக் கையில வாங்கி, "இது முண்டன், இது மொட்டை"ன்னு கடகடன்னு பிரிச்சுப் போட்டாங்க. ஆடும்போது கையில தெரியும்னு சொல்றாங்க. 60 மஞ்சள்ல 51 முண்டன், 9 மொட்டை. மொட்டையான 9-உம் முழு மஞ்சள், அதனால வாத்தியார் சார் சொன்னபடி மொனெட்டாலயே வச்சுட்டேன்.

தேஞ்ச 14-ல அஞ்சு மன்னார்க்காரி அக்கா சொன்ன மாதிரி முதுகு தட்டை, பல் கூரா இருக்கு. அப்பத்தாவைக் கேட்டேன். அவங்க அண்ணன் உரைச்சதாம், தாயத்துக்கு.

நாணயப்பித்தன் | ஞாயிறு, இரவு 9:30

சொன்னபடி வந்துட்டேன். கொஞ்சம் நீளும்.

மாலத்தீவுதான் பணச்சோழிக்குத் தாய்வீடு. அங்க அதுக்குப் பேர் போலி. நம்ம போலி இல்லை, அவங்க மொழியில சோழிக்கே அதுதான் பேர். தென்னை ஓலையைக் கடல்ல போட்டு வச்சா நத்தை ஏறி ஒட்டிக்கும், இழுத்துக் கரையில போடுவாங்கன்னு 9-ஆம் நூற்றாண்டு அரபு வணிகர் குறிப்புலயே இருக்கு. 1343-44-ல மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அங்க போய்க் காஜியா, அதாவது நீதிபதியா இருந்தார். கடல்லேருந்து எடுத்துக் குழியில போட்டு, சதை அழுகினதும் வெள்ளை ஓட்டை எடுப்பாங்க, வங்காளத்துக்காரங்ககிட்டக் குடுத்து அரிசி வாங்குவாங்கன்னு எழுதியிருக்கார். அங்க ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி, சில சமயம் 12 லட்சம் வரைக்கும் போகுமாம். அதே மனுஷன் பின்னாடி மேற்கு ஆப்பிரிக்காவுல மாலிக்குப் போனப்ப ஒரு தினாருக்கு 1,150 சோழின்னு விக்குறதைப் பாக்குறார். கடலும் பாலைவனமும் தாண்டிப் போனதுக்குக் கூலி அது.

வங்காளத்துல 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு ககன். அதாவது 1,280 சோழி. பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கப்பல்ல அடிப்பாரத்துக்குப் பதிலாச் சோழியை ஏத்தி ஐரோப்பா கொண்டுபோய், அங்கேருந்து மேற்கு ஆப்பிரிக்கா கொண்டுபோய் மனுஷங்களை அடிமையா வாங்கினாங்க. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிக்குது. உள்ளங்கையில அடங்குற இந்த நத்தை ஓட்டைக் குடுத்துத்தான் ஆள் வாங்கியிருக்காங்க.

இனம் பிரிக்கிறது எங்க வருதுன்னா, அதுவரைக்கும் ஆப்பிரிக்காவுக்குப் போனது பெரும்பாலும் மாலத்தீவு மொனெட்டா. சின்னது, எடை கம்மி. அங்க எண்ணித்தான் வாங்குவாங்க. 40 சோழி ஒரு சரம், 50 சரம் ஒரு தலை, 10 தலை ஒரு மூட்டை, ஆக மூட்டைக்கு 20,000. எண்ணிக் குடுக்குற காசுன்னா சின்னதா இருக்குறவன்தான் ராசா, சுமக்குற கூலி மிச்சம். 1845 வாக்குல ஹாம்பர்க் வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுல சான்சிபார்ப் பக்கம் மலிவா மலைமலையாக் கிடந்த அன்னுலஸை அள்ளிட்டு வந்து கொட்டினாங்க. அது மொனெட்டாவை விடப் பெருசு, கனம். முதல்ல தயங்கினாலும் பல இடத்துல ஏத்துக்கிட்டாங்க. சரக்கு பெருகப் பெருகச் சோழியோட மதிப்பு சரிஞ்சுபோச்சு. கள்ள நோட்டுன்னு சொல்ல முடியாது, ஆனா கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் பண்ணுச்சு.

அதனாலதான் ஆப்பிரிக்காவுல தோண்டுறவங்களுக்கு ஒரு சோழி கிடைச்சா மொனெட்டாவா அன்னுலஸான்னு பாக்குறது முக்கியம். மாலத்தீவா சான்சிபாராங்கிற கேள்விக்கு அது ஒரு நூல்முனை. கானா நாட்டுக் காசுக்கு இன்னைக்கும் செடின்னு பேர், அகான் மொழியில சோழிக்கு உள்ள பேர்லேருந்து வந்தது.

பாம்பன்காற்று | ஞாயிறு, இரவு 10:11

அண்ணே, தோண்டி எடுக்குற சோழியில முதுகை வெட்டி எடுத்திருப்பாங்களே, சரத்துல கோக்குறதுக்கு? முதுகு போனா வளையமும் போச்சு. பிறகு எதை வச்சுச் சொல்லுவாங்க?

நாணயப்பித்தன் | ஞாயிறு, இரவு 10:20

அடியும் ஓரமும்தான் மிச்சம். அதுல மூலை இருந்தா மொனெட்டா. இல்லைன்னா ரெண்டுல ஒண்ணுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான்.

அரட்டைக்கச்சேரி | ஞாயிறு, இரவு 10:34

வங்காளத்துல நாலு சோழி ஒரு கண்டா. பல்லாங்குழியில குழியில நாலு சேர்ந்தா பசு, எடுத்துக்கலாம். தொடர்பு இருக்கா இல்லையா? இதுக்கும் திட்டுவீங்களா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | திங்கள், காலை 6:15

திட்டமாட்டேன், இது முந்தையதைவிட நல்ல கேள்வி. ஆனால் நான்கு நான்காக எண்ணுவது விரலுக்கு வாகு. மாட்டுக்கு நான்கு கால். இரண்டு ஊரிலும் தனித்தனியாகத் தோன்ற இது போதும்.

பரம்பரை மருந்துக்கடை | திங்கள், காலை 10:40

இந்த இழையை இப்பத்தான் பார்த்தேன். எங்க தொழில்ல இதுக்குப் பேர் பலகறை. புடம் போட்டுப் பலகறைப் பற்பம் எடுப்போம். இங்க மருந்து பத்திப் பேச வரலை. பாட்டி "முண்டன், மொட்டை"ன்னு பிரிச்சதைப் படிச்சதும் தூக்கிவாரிப்போட்டது.

வடமொழி ரசசாத்திர நூல்கள்ல வராடிகைன்னு சோழியைச் சொல்லி, எது நல்லதுன்னு இலக்கணம் குடுத்திருக்காங்க. மஞ்சள் நிறமா இருக்கணும், முதுகில் முடிச்சு இருக்கணும். எடையும் சொல்லியிருக்காங்க, ஒன்றரை நிஷ்கம் உத்தமம், ஒரு நிஷ்கம் மத்திமம், முக்கால் நிஷ்கம் அதமம். என் தாத்தா மூட்டையில கையை விட்டு அள்ளும்போதே மஞ்சளும் முடிச்சும் உள்ளதைத் தனியா எடுப்பார், நீலச்சாம்பலை ஒதுக்குவார். ஏன்னு கேட்டா "பாடம் அப்படி"ன்னு மட்டும்தான் சொல்வார். வாத்தியார் ஐயா எழுதின தோளும் முண்டும் அந்த முடிச்சுதான்னு நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | திங்கள், காலை 11:30

அதேதான் என்று எனக்கும் தோன்றுகிறது. நிறமும் முடிச்சும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். நிறம் ஒன்றை மட்டும் நம்பவில்லை. என் வகுப்பின் முதல் வரிசைப் பையனைவிடத் தேவலாம். லின்னேயஸுக்கு முன்னாலேயே மருந்து இடிப்பவர்கள் மொனெட்டாவைத் தனியாகப் பொறுக்கியிருக்கிறார்கள்.

கருங்குருவி | திங்கள், மதியம் 1:05

முதல் வரிசைப் பையன் வந்திருக்கிறேன் சார். நக்கல் போதும். தேஞ்ச 14 என்னாச்சு?

புளியங்கொட்டை | திங்கள், இரவு 8:50

முடிச்சுட்டேன். லென்ஸ் வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன்.

6 சோழியில மூலை தெளிவா இருக்கு. அதுல அஞ்சு அவங்க அண்ணன் உரைச்சதுன்னு அப்பத்தாவே சொல்லிட்டாங்க. அந்த 6-உம் மொனெட்டா.

4 சோழி முட்டை வடிவம். முதுகு கத்தரிப்பூ நிறம்தான், ஆனா பக்கவாட்டுல, தேய்மானம் எட்டாத இடத்துல, பொன் கம்பியோட துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு வெளிய மணல் நிறம். அன்னுலஸ்.

ஒண்ணு ரெண்டுலயும் சேரலை. ஓரம் அகலமா, தட்டு மாதிரி விரிஞ்சு, காப்பிக்கொட்டை நிறமா இருக்கு. நடு முதுகு மட்டும் திமில் மாதிரி மேல எழும்பி இருக்கு. திமிலோட ஓரத்துல வெள்ளைப் புள்ளி நாலஞ்சு மிச்சம் இருக்கு. இது என்ன?

மீதி 3. முட்டை வடிவம், மழமழ, மஞ்சளும் இல்லை, வளையத்தோட சுவடும் இல்லை. வினிகர்ல போட்டது இதுல ஒண்ணு.

பாம்பன்காற்று | திங்கள், இரவு 9:02

புள்ளி போட்டது பாம்புத்தலைச் சோழி! மொனெட்டேரியா காபுட்செர்பென்டிஸ். அலை அடிக்கிற பாறையில கிடக்கும். அந்த அகல ஓரமும் திமிலும் போதும், அது வேற எதுவா இருக்கும்? புதுசா இருக்கும்போது ஓரம் கருங்காப்பி நிறம், முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி தெளிச்சிருக்கும். எப்படி இந்தப் பாட்டிலுக்குள்ள வந்துச்சுன்னு அப்பத்தாவைக் கேளுங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார் | திங்கள், இரவு 9:25

ஆமாம், பாம்புத்தலைதான். அதுவும் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டதே. மீதி மூன்றையும் ஒரு தாளில் மடித்து "மொனெட்டா அல்லது அன்னுலஸ்" என்று எழுதிவையுங்கள். அருங்காட்சியக அலமாரிகளில் இப்படிப்பட்ட சீட்டுகள் நிறைய உண்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊகித்து ஒரு பெயர் எழுதிவிட்டால்தான் பின்னால் வருபவன் அதை உண்மையென்று நம்புவான்.

மன்னார்க்காரி | திங்கள், இரவு 10:10

எங்க பொறுக்கினது எண்டு அப்பத்தா சொன்னவவா? எல்லாம் தொண்டிக் கரைதானோ?

புளியங்கொட்டை | செவ்வாய், இரவு 7:30

கேட்டேன் அக்கா. பாதிக்கு மேல ராமேஸ்வரத்துக் கடைவீதியில கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினதாம், படிக்கணக்குல அளந்து குடுத்தாங்களாம். கடைச் சரக்குன்னா எந்தக் கடல்லேருந்து வந்துச்சோ யாருக்குத் தெரியும். வளையம் போட்டது சிலது தாத்தா கப்பல்ல போய்வந்தப்ப கொண்டுவந்தது. பாம்புத்தலை பத்தி அவங்களுக்கு ஞாபகமே இல்லை, "ஒண்ணு தொலைஞ்சா கிடைச்சதைப் போட்டு ஆடுவோம்"னுட்டாங்க.

மொத்தக் கணக்கு: மொனெட்டா 60, 2, 6, ஆக 68. அன்னுலஸ் 7, 4, ஆக 11. பாம்புத்தலை 1. தாளில் மடிச்சது 3. கூட்டினா 83.

நாலு டப்பாவுல லேபிள் ஒட்டி அடுக்கி வச்சிருந்தேன். சாயங்காலம் வந்து பாத்தா அப்பத்தா எல்லாத்தையும் பழைய பாட்டில்லயே கொட்டிட்டாங்க. ஆடணுமாம். நல்லவேளை நோட்டுல கோடு இருக்கு. 84-ஆவதுக்கு ஒரு புளியங்கொட்டை போட்டு ரெண்டு ஆட்டம் ஆடினோம், ரெண்டுலயும் தோத்துட்டேன்.

கருங்குருவி | செவ்வாய், இரவு 9:45

வாத்தியார் சார், இந்த இழையைப் படிச்சுட்டு என் சேகரிப்பை வெளிய எடுத்தேன். அன்னுலஸ்னு லேபிள் ஒட்டின டப்பாவுல ஒண்ணு. பளிச்சுன்னு வளையம். உள்ள லேசா நீலம், வெளிய மஞ்சளா மணலான்னு சொல்ல முடியலை. ஒரு பக்கம் தோள் இருக்கு, மறுபக்கம் இல்லை. இதை என்னன்னு சொல்லுவீங்க?

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், காலை 6:20

கவிழ்த்து வைத்துக் கோடு போட்டு அனுப்புங்கள்.